மென்பொருள் கொண்டு கணிதம் புரிய வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணித ஆசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வகுப்பில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சூத்திரங்களை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். கணினி பக்கத்தில் இருந்தால் படித்துக்கொண்டே செய்தும் பாருங்கள்.

கணினி கையில் வந்தால் பிள்ளைகள் மனக்கணக்கையே மறந்துவிட மாட்டார்களா?

விடையை மட்டும் எடுத்துத் தரும் வேலைக்குக் கணினியைப் பயன்படுத்தினால் மறக்கத்தான் செய்வார்கள். அந்த பயம் நியாயமானது. நான் சொல்ல வருவது வேறு பயன்பாடு.

ஒரு முக்கோணம் வரைந்து, மூன்று நடுக்கோடுகளையும் (முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குப் போகும் கோடுகளை) போடச் சொல்லுங்கள். அவை ஒரே புள்ளியில் சந்திக்கும். தாளில் இதை ஒரு முக்கோணத்துக்குத்தான் பார்க்க முடியும், அதுவும் பென்சில் முனை தடிமனாக இருந்தால் சந்தித்ததா, சந்தித்தது போலத் தெரிகிறதா என்று சண்டை வரும். திரையில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால், பத்து விநாடியில் நூறு முக்கோணங்கள் கண்முன் போகும். ஒல்லியாகும், சாயும், தலைகீழாகும். நடுக்கோடுகள் மட்டும் ஒன்றையொன்று விடுவதில்லை. முனையிலிருந்து அந்தப் புள்ளி வரையுள்ள நீளத்தையும், புள்ளியிலிருந்து எதிர்ப்பக்கம் வரையுள்ள நீளத்தையும் அளக்கச் சொன்னால், எப்படி இழுத்தாலும் முதலாவது இரண்டாவதைப் போல இரு மடங்காகவே இருக்கும்.

எல்லாம் மாறும்போது எது மாறாமல் நிற்கிறது? கணிதத் தேற்றங்களில் பல இந்தக் கேள்விக்கான பதில்கள்தான். அதைக் கேட்க வைப்பதற்குத்தான் மென்பொருள் வேண்டும். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் அது தேவையில்லை.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

ஒன்றே ஒன்று போதும் என்றால் ஜியோஜீப்ரா. மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய திட்டம் அது. மாணவர்களும் ஆசிரியர்களும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். ஒரே திரையில் படமும் சமன்பாடும் இருக்கும். படத்தை இழுத்தால் சமன்பாடு மாறும், சமன்பாட்டைத் திருத்தினால் படம் மாறும். வடிவியலையும் இயற்கணிதத்தையும் வேறு வேறு பாடமாக நினைக்கும் பிள்ளைக்கு இது பெரிய திறப்பு.

வரைபடம் மட்டும் போதும் என்றால் டெஸ்மாஸ் இன்னும் எளிது. சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னம், பரப்பளவு போன்றவற்றைக் காட்ட, கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்பாடுகள் நன்றாக இருக்கும். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002-இல் தொடங்கிய திட்டம் அது. எண்களோடு விளையாட உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் விரிதாளே போதும், எக்செல்லோ லிப்ரே ஆபீஸோ.

எதையும் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள். ஐந்து மென்பொருளை அரைகுறையாகக் காட்டுவதைவிட ஒன்றில் ஒரு வருடம் ஊறுவது மேல்.

வகுப்பில் இதை எப்படி நடத்துவது? ஒரு பாடத்தை எடுத்துக் காட்ட முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. 'ஒய் சமம் எக்ஸ் வர்க்கம் கூட்டல் 3' என்ற பரவளையத்தைத் திரையில் போடுகிறேன். முனை 3 அலகு உயரத்தில் நிற்கிறது. இப்போது நடுவில் எக்ஸ் உறுப்பு ஒன்றைச் சேர்த்து, அதன் கெழுவை (எக்ஸைப் பெருக்கும் எண்ணை) ஸ்லைடரில், அதாவது இழுத்தால் எண் மாறும் திரைக் கம்பியில், கட்டிவிடுகிறேன். ஸ்லைடர் 0-இல் இருக்கிறது. இழுக்கவில்லை.

இங்கேதான் நிறுத்த வேண்டும். "இதை 0-இலிருந்து 4 வரைக்கும் இழுத்தா வளைவு எந்தப் பக்கம் போகும்? நோட்டில் வரைஞ்சு காட்டுங்க." எல்லாரும் வரைந்து முடிக்கும் வரை சுட்டியைத் தொடமாட்டேன். முக்கால்வாசிப் பேர் வலப்பக்கம் நகர்த்தி வரைவார்கள், கூட்டல் என்றால் வலம் என்ற பழக்கத்தில். சிலர் மேலே தூக்குவார்கள்.

பிறகு இழுக்கிறேன். வளைவு இடப்பக்கம் போகிறது. போகும்போதே கீழேயும் இறங்குகிறது. கெழு 2 ஆகும்போது முனை (−1, 2). 4 ஆகும்போது (−2, −1). எதிர்த்திசையில் −2 வரை இழுத்தால் (1, 2). வகுப்பு முழுக்க ஒரே சத்தம். தாங்கள் வரைந்தது தப்பாகப் போனதால் வரும் சத்தம் அது. அந்த நிமிடத்தில் அவர்களுக்குக் காரணம் தெரிந்தே ஆக வேண்டும்.

அப்போது முனைக்குத் தடம் பதிக்கும் வசதியைப் போடுவேன். மறுபடி இழுத்தால் முனை போன வழியெல்லாம் புள்ளி புள்ளியாக நிற்கும். தலைகீழான இன்னொரு பரவளையம்! 'ஒய் சமம் 3 கழித்தல் எக்ஸ் வர்க்கம்' என்று தட்டினால் அந்தப் புள்ளிகளின் மேல் சரியாக உட்காரும். ஏன் என்பதை வர்க்கப் பூர்த்தி முறையில் அவர்களே கண்டுபிடிக்கலாம். வர்க்கப் பூர்த்தி என்றாலே கொட்டாவி விடும் வகுப்பு, அன்றைக்கு அதைக் கேட்டு வாங்கிச் செய்யும்.

இன்னொன்றையும் யாராவது ஒருவர் கவனிப்பார்: வளைவு எங்கே போனாலும் (0, 3) என்ற புள்ளியை விடுவதில்லை. எக்ஸ் 0 ஆனால் அந்தக் கெழுவுக்கு வேலையே இல்லை அல்லவா?

ஸ்லைடரைக் கொடுத்து "விளையாடிப் பாருங்கள்" என்று விட்டுவிட்டால் இதில் எதுவும் நடக்காது. ஐந்து நிமிடம் இழுத்துவிட்டு வளைவுக்கு நிறம் மாற்றப் போய்விடுவார்கள். நோட்டில் முன்கூட்டிச் சொல்ல வைப்பதுதான் பாடத்தின் உயிர்.

மாணவர்கள் சதுரம் வரைகிறார்கள். முனையை இழுத்தால் அது கோணலாகிவிடுகிறது. எங்கே தவறு?

தவறு இல்லை, அன்றைய பாடமே அதுதான். கண்ணளவில் நான்கு புள்ளி வைத்து இணைத்தால் அது சதுரம் போலத் தெரியும் ஒரு நாற்கரம். அதற்குத் தான் சதுரம் என்று தெரியாது. ஒரு பக்கத்தை வரைந்து, அதன் இரு முனைகளிலும் செங்குத்துக்கோடு எழுப்பி, பக்கத்தின் நீளத்தையே ஆரமாக வைத்து வட்டங்கள் போட்டு, ஒரே புறத்தில் வெட்டும் புள்ளிகளை எடுத்தால்தான் எப்படி இழுத்தாலும் சதுரமாகவே நிற்கும்.

வரையறை என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய வரி என்று நினைத்திருந்த மாணவருக்கு, அது படத்தைத் தாங்கும் எலும்பு என்று இங்கே தெரியும். "இழுத்துக் காட்டு" என்ற இரண்டு சொல்லே மதிப்பீடு. ஒரு முறை ஒரு மாணவி சாய்சதுரம் கட்டிக்கொண்டு வந்து, இழுத்துக் காட்டி, "இது சதுரமாகவும் ஆகுது, அப்ப சதுரமும் சாய்சதுரம்தானே?" என்றாள். எந்தப் படத்தை எதன் வகை என்று சொல்வது என்பதை நான் பலகையில் பல வருடம் சொல்லிப் பார்த்தும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

படத்திலேயே உண்மை தெரியும்போது நிரூபணம் எதற்கு?

இந்தக் கேள்வியை மாணவர்கள் கேட்டே தீருவார்கள். பதிலைச் சொல்லாதீர்கள், ஏமாற வையுங்கள்.

பக்கம் 8 உள்ள சதுரத்தை நான்கு துண்டாக வெட்டுங்கள்: செங்கோணத்தை அடுத்த பக்கங்கள் 3, 8 உள்ள இரண்டு முக்கோணங்கள், இணைப்பக்கங்கள் 3, 5-உம் உயரம் 5-உம் உள்ள இரண்டு சரிவகங்கள். இதே நான்கு துண்டுகளை 5-க்கு 13 செவ்வகமாக அடுக்கலாம். சதுரத்தின் பரப்பு 64. செவ்வகத்தின் பரப்பு 65. ஒரு சதுர அலகு எங்கிருந்து வந்தது? திரையில் பார்க்க ஒட்டிக்கொண்டே நிற்கும். மூலைவிட்டத்தின் நடுப்பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள். கீற்றுப் போல ஓர் இடைவெளி. முக்கோணத்தின் சாய்வு 3/8, அதாவது 0.375. சரிவகத்தின் சாய்வு 2/5, அதாவது 0.4. ஒரே நேர்கோடு என்று கண் சொன்னது பொய். அந்தக் கீற்றின் பரப்புதான் அந்த ஒன்று.

எண்களிலும் இப்படி ஏமாறலாம். விரிதாளில் ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0-க்கு 41, 1-க்கு 43, 2-க்கு 47, 3-க்கு 53. எல்லாம் பகா எண்கள். 39 வரைக்கும் அப்படியே போகும். நாற்பது வரிசை பார்த்துவிட்டு 'எப்போதும் பகா எண்தான்' என்று யாருக்குத்தான் எழுதத் தோன்றாது? 40-க்கு 1681 வரும். அது 41-இன் வர்க்கம். கணித மேதை ஆய்லரின் பெயரால் வழங்கும் சூத்திரம் இது.

சந்தேகம் வந்த பிறகு நிரூபணத்துக்குப் போகலாம். அதற்கு நல்ல இடம் வரின்யோன் தேற்றம். ஏதோ ஒரு நாற்கரம் வரைந்து நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் இணைகரம் வரும். முனையை இழுத்து நாற்கரத்தை உள்ளே குழித்தாலும், பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டும்படி முறுக்கினாலும் நடுவில் இணைகரமே நிற்கும். ஏன் என்று கேட்டுவிட்டு, நாற்கரத்தின் ஒரே ஒரு மூலைவிட்டத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள். முக்கோணத்தின் இரண்டு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணையாகவும் அதில் பாதியாகவும் இருக்கும் என்று அவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். மூலைவிட்டத்தின் இரு புறமும் அது நடப்பதைப் பார்த்தவுடன் நிரூபணம் அவர்கள் வாயிலிருந்தே வரும்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்ற வழி உண்டா?

ஆமை! வாலி ஃபர்சைக், சீமோர் பாப்பெர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் 1967-இல் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியோடு இது புகழ்பெற்றது. இப்போது பைதான் மொழியோடு கூடவே வருகிறது, பிள்ளைகளுக்கான ஸ்கிராட்ச் நிரல்மொழியிலும் பேனா வசதியைச் சேர்த்துச் செய்யலாம். 'முன்னே 100', 'வலப்பக்கம் 90' என்று கட்டளை கொடுத்தால் ஆமை நகர்ந்து கோடு போடும்.

சதுரம் எல்லாருக்கும் வந்துவிடும். அடுத்து சமபக்க முக்கோணம் கேளுங்கள். கோணம் 60 என்று படித்திருப்பதால் '100 முன்னே, 60 திரும்பு' என்று மூன்று முறை கொடுப்பார்கள். முக்கோணம் வராது. வாய் திறந்த கிண்ணம் போல ஒன்று வரும். அதையே ஆறு முறை கொடுத்தால் அறுகோணம். அந்தக் குழப்பத்தில் பிள்ளையை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். மூலையில் நின்று எவ்வளவு திரும்ப வேண்டியிருக்கிறது என்று உடம்பே சொல்லும்: 120. ஆமை திரும்புவது வெளிக்கோணம். எந்த ஒழுங்கு பலகோணமாக இருந்தாலும் ஒரு சுற்று முடித்துப் பழைய திசைக்கு வர மொத்தம் 360 திரும்ப வேண்டும் என்பதும் இதிலிருந்தே கிடைக்கும். பிறகு ஐங்கோணத்துக்கு 72 என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

நிகழ்தகவை விரிதாளில் எப்படிக் காட்டுவது?

நாணயம் சுண்டுவதில் ஆரம்பியுங்கள். சமவாய்ப்பு எண் தரும் சார்பைப் போட்டு 0-உம் 1-உம் வரும்படி செய்து, ஆயிரம் வரிக்கு இழுத்துவிடுங்கள். பக்கத்தில் தலைகளின் விகிதம், அதற்கும் பக்கத்தில் தலைக்கும் பூவுக்கும் உள்ள எண்ணிக்கை வித்தியாசம்.

விகிதம் பாதியை நெருங்கும். எல்லாரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் எண்ணிக்கை வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அது பெரும்பாலும் சுருங்காது. பத்து முறையில் 2 ஆக இருந்தது ஆயிரம் முறையில் 30-ஐத் தொடலாம். 1000-இல் 30 என்பது சின்னது, அதனால் விகிதம் அடங்குகிறது. 'ஐந்து முறை தலை விழுந்துவிட்டது, இனி பூதான் விழும்' என்று நம்புகிறவர்கள் குழம்புவது இங்கேதான். நாணயம் எந்தக் கடனையும் திருப்பித் தருவதில்லை. இரண்டு நெடுவரிசையையும் பக்கம் பக்கமாகப் பார்த்த பிள்ளைக்கு இது புரிந்துவிடும்.

வகைநுண்கணிதத்துக்கு?

பெரிதாக்கும் பொத்தான் ஒன்று போதும். 'எக்ஸ் வர்க்கம்' வளைவை (1, 1) புள்ளியில் பெரிதாக்கிக்கொண்டே போனால் வளைவு நிமிர்ந்து நேர்கோடாகத் தெரியும். அதன் சாய்வு 2. அதையே 'எக்ஸின் மட்டு மதிப்பு' வரைபடத்தில் 0-இல் செய்யுங்கள். ஆயிரம் மடங்கு பெரிதாக்கினாலும் அந்த மூலை மூலையாகவே இருக்கும். வகையிட முடியும், முடியாது என்பதன் வித்தியாசத்தைக் கண் பார்த்துவிட்டால் எல்லையின் வரையறை ஏறுவது எளிது.

கணினி தப்பாகக் காட்டுமா?

காட்டும். மாணவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டிய விஷயம் இது.

அடிக்கடி நடப்பது சைன் 30. பாதி வர வேண்டிய இடத்தில் −0.988 வரும். மென்பொருள் 30-ஐப் பாகையாக எடுக்காமல், கோணத்தின் இன்னோர் அலகான ரேடியனாக எடுத்துக்கொண்டிருக்கும். அடுத்தது அச்சுகளின் அளவு. இரண்டு அச்சுகளுக்கும் வேறு வேறு அளவு இருந்தால் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும், ஒன்றுக்கொன்று செங்குத்தான சாய்ந்த கோடுகள் செங்குத்தாகத் தெரியாது. மூன்றாவது, ஓட்டைகள். 'எக்ஸ் வர்க்கம் கழித்தல் 1' என்பதை 'எக்ஸ் கழித்தல் 1'-ஆல் வகுத்து வரையச் சொன்னால் முழு நேர்கோடு தெரியும். எக்ஸ் 1 ஆகும் இடத்தில் அங்கே புள்ளியே இல்லை. ஒரு புள்ளி அளவு ஓட்டையைத் திரை எப்படிக் காட்டும்?

எண்களிலும் உண்டு. பைதானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். நமக்கு மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் முடித்து எழுத வராதது போல, இரும எண்முறையில் 0.1 முடிவதில்லை. இதன் பெரிய வடிவம் இது: ஒன்றோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டி, வரும் எண்ணைப் பத்து முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 2.5937. நூறுக்கு 2.7048. ஆயிரத்துக்கு 2.7169. 2.71828 என்று தொடங்கும் எண்ணை நோக்கிப் போகிறது. இன்னும் பெரிய எண் போட்டால் இன்னும் நெருங்கும் என்று நினைத்து 1-க்குப் பின் 16 பூஜ்யம் போட்டுப் பாருங்கள், விடை 1 என்று வரும்! ஒன்றோடு கூட்டிய அந்தத் துணுக்கு கணினி வைத்திருக்கும் இலக்கங்களுக்குள் அடங்காமல் உதிர்ந்துவிட்டது. இதைக் கண்ட மாணவர்கள் திரையைக் கண்மூடி நம்புவதை நிறுத்தினார்கள்.

எங்களிடம் ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது.

தாராளமாகப் போதும். சொல்லப்போனால் தொடக்கத்தில் அதுதான் நல்லது. ஆளுக்கொரு கணினி இருந்தால் பாதி நேரம் உள்நுழைவதிலேயே போகும். ஒரே திரை, எல்லார் கையிலும் நோட்டு, சுட்டியைப் பிடிக்க ஒரு மாணவர். எதை இழுக்க வேண்டும் என்று வகுப்பு சொல்லட்டும். வீட்டில் போன் இருப்பவர்கள் ஜியோஜீப்ரா செயலியை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

கணக்கைப் படம் எடுத்தால் விடையோடு படிகளும் தரும் செயலிகளை அனுமதிக்கலாமா?

தடுத்தால் ஒளித்துப் பயன்படுத்துவார்கள். நான் அந்தப் படிகளையே வகுப்புக்குக் கொண்டுவருகிறேன். "மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரிக்கு எப்படிப் போனது?" என்று கேட்டால், பார்த்து எழுதியவர் நின்றுவிடுவார், புரிந்தவர் சொல்வார். உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தவறான படியையும் அதே தெம்போடு எழுதும். அதனால் பிழை கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு அவை நல்ல சரக்கு. ஆனால் ஒரு பாடத்தை முதல் தடவை படிக்கும் நேரத்தில் இவை வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தடுமாறும் அந்தப் பத்து நிமிடத்தைப் பிள்ளையிடமிருந்து பறிக்கக் கூடாது.

பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு இதனால் பயன் உண்டா?

உண்டு. டெஸ்மாஸ் வரைகருவி திரைவாசிப்பானோடு வேலை செய்யும். வளைவை ஒலியாகவும் கேட்கலாம். ஏறும்போது சுருதி ஏறும், இறங்கும்போது இறங்கும். பார்வையுள்ள மாணவர்களையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லிப் பாருங்கள்.

தேர்வு தாளிலும் பேனாவிலும்தானே? இதற்கெல்லாம் நேரம் எங்கே?

வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும், அதுவும் எல்லாப் பாடத்துக்கும் தேவையில்லை. காரணி பிரிப்பதையும் நீள்வகுத்தலையும் கையால்தான் பழக வேண்டும், அங்கே கணினியைக் கொண்டுவராதீர்கள். மாற்றமும் அசைவும் உள்ள இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: சார்புகள், உருமாற்றங்கள், வட்டத் தேற்றங்கள், நிகழ்தகவு. ஒவ்வொரு முறையும் திரையில் பார்த்ததை அன்றே தாளில் எழுத வைத்துவிடுங்கள். எழுதாத பாடம் தேர்வு அறைக்கு வராது.

உண்மையிலேயே புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணினியை மூடிவிட்டுக் கேளுங்கள். பரவளையப் பாடம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, எக்ஸ் வர்க்கத்தின் கெழுவை −1 ஆக மாற்றி, "இப்போ முனை எந்த வழியாப் போகும்?" என்று கேட்டேன். திரை அணைந்திருந்தது. எப்போதும் கடைசி வரிசையில் பேசாமல் இருக்கும் பையன் ஒருவன் கையைக் காற்றில் வைத்து, இல்லாத ஸ்லைடரை மெதுவாக வலப்பக்கம் இழுத்தான். கண் மட்டும் மேலே ஏறியது. பிறகு நோட்டை எடுத்து, நிமிர்ந்து நிற்கும் ஒரு பரவளையத்தை வரைந்து, அதன் அடியில் 3 என்று குறித்தான்.